தேய இடம் விட்டுச் செய்த மெஷின்

பெரியம்மா வீட்டுத் தையல் மெஷின் சுற்றவில்லை. மிதியை அழுத்தினால் கீழ்ச்சக்கரம் லேசாக அசைந்து நின்றுவிடும். கைச்சக்கரத்தைப் பிடித்து நம் பக்கமாகத் திருப்பினால் ஊசி பாதி தூரம் இறங்கி பட்டென்று நிற்கும். கொரோனா சமயத்தில் தெருக்காரர்களுக்கு மாஸ்க் தைத்துக் கொடுத்ததோடு சரி. அதற்குப் பிறகு முட்டுவலி வந்து பெரியம்மா அதில் உட்காரவில்லை. சங்கரன்கோவில் வீட்டுப் பின்கட்டில் பழைய சேலை போர்த்திக் கிடந்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றான் அண்ணன். அத்தனை கிலோ இரும்புக்கு என்ன கிடைக்கும் என்றுகூட விசாரித்து வைத்திருந்தான்.

திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் இடத்தில் எனக்கு வேலை. புஷ், ஷாஃப்ட், பேரிங் எல்லாம் தினமும் கையில் புரளும் சாமான்கள்தான். அப்படியிருந்தும் இந்த மெஷினின் அடிப்பாகத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை சாதாரணமானது இல்லை. உங்கள் வீட்டிலும் கறுப்பு நிறத்தில் ஒரு சிங்கரோ உஷாவோ மெரிட்டோ முடங்கிக் கிடந்தால் இந்தப் பதிவு உபயோகப்படும். இவை பெரும்பாலும் ஒரே அமைப்பில் செய்தவை. ஒன்றைத் திறக்கத் தெரிந்தால் மற்றதும் தெரிந்த மாதிரிதான்.

என்ன மெஷின் என்று பார்த்தது

பலகைமேல் இருக்கும் அடித்தட்டின் வலது ஓரத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்ததும் இ.எஃப். என்ற இரண்டு எழுத்தும் அதன்பின் எண்களும் தெரிந்தன. இ-யில் தொடங்கும் இரட்டை எழுத்து வரிசை ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்திலிருக்கும் கிளைட்பேங்க் ஆலையுடையது. அதில் இ.எஃப். என்பது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய சரக்கு. மாடல் 15கே. அந்த 'கே' கில்போவியைக் குறிக்கும். ஆலை இருந்த இடத்தின் பெயர் அது.

ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய தையல் மெஷின் ஆலை அதுதான். 1911-ல் மேஜைப் பலகைகளுக்கு பாலிஷ் போடும் பிரிவில் 12 பெண்கள் வேலையை நிறுத்த, ஏறக்குறைய 11,000 பேர் அவர்கள் பின்னால் வெளியே வந்தார்கள். 1941 மார்ச்சில் ஜெர்மன் விமானங்கள் கிளைட்பேங்க் மேல் குண்டு போட்டபோது ஆலையின் மரக்கிடங்கு எரிந்துபோனது. அதற்கும் அசராமல் வேலை தொடர்ந்தது. கடைசியில் 1980-ல் ஆலையை மூடிவிட்டார்கள். சிங்கர் என்ற பெயரில் அங்கே ஒரு ரயில் நிலையம் இன்னும் இருக்கிறது. அந்த ஆலையில் வார்த்த இரும்பு இங்கே தென்காசி மாவட்டத்தில் ஒரு பின்கட்டில் கிடக்கிறது. பெரியம்மாவின் மாமியார் அதைத் தவணைக்கு வாங்கியதாகச் சொல்வார்கள். முன்பணம் கொடுத்து எடுத்துக்கொண்டு மீதியை மாதாமாதம் கட்டும் வழக்கத்தை சிங்கர் கம்பெனி 1850-களிலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. கையில் மொத்தப் பணம் இல்லாத வீடுகளுக்கு மெஷின் போய்ச் சேர்ந்தது அந்த வழியில்தான்.

சுற்ற வைத்தது

இறுகிக் கிடக்கும் மெஷினைப் பலம் போட்டுச் சுற்றவே கூடாது. முதலில் ஊசியைக் கழற்ற வேண்டும். ஊசி உள்ளே இருக்கும்போது திருப்பினால் அது வளைந்து, அடியில் மேல்நூலைப் பிடித்து பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும் ஷட்டிலின் கொக்கியில் இடிக்கும், கொக்கி முனை மழுங்கும். அடுத்தது கீழ்நூல் பாபினைத் தாங்கும் பாபின் கேஸ், துணியை அமுக்கும் ஃபுட், ஊசிக்குக் கீழே இருக்கும் தட்டு. தட்டுக்கு இரண்டே திருகுதான். திருகின் காடியில் சரியாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர் எடுங்கள். முனை மெலிந்ததை வைத்துத் திருகினால் காடி சிதைந்துவிடும். இத்தனை வருஷம் தாங்கிய திருகைக் கெடுப்பது அப்படித்தான்.

கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. கைச்சக்கரத்தின் நடுவிலிருக்கும் குமிழைத் தளர்த்துங்கள். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடாமலிருக்கத் தளர்த்துகிறோமே, அதே குமிழ். தளர்த்தியபின் சக்கரம் தனியாகச் சுற்றினால் சக்கரத்தில் குற்றமில்லை, அடைப்பு தலைக்குள்ளே, அதாவது பலகைமேல் இருக்கும் மெஷினுக்குள்ளே. எங்கள் மெஷினில் சக்கரம் சுகமாகச் சுற்றியது.

தட்டை எடுத்ததும் துணி நகர்த்தும் பல்லுக்கு அடியில் பஞ்சு தெரிந்தது. பஞ்சு என்று சொல்வதுகூடச் சரியில்லை. எண்ணெயில் ஊறி அழுந்தி, கம்பளித் துண்டாகவே ஆகியிருந்தது. ஊசி முனையால் நெம்பி எடுத்தபோது அதில் பள்ளிச் சீருடையின் நீலமும் காக்கியும் ரவிக்கைத் துணிச் சிவப்பும் அடுக்கடுக்காக இருந்தன. ஷட்டிலைக் கழற்றினேன். அது ஆடும் வளையத்துக்கும் ஷட்டிலுக்கும் நடுவே ஒரு கறுப்பு நூல் துண்டு சுருண்டு மாட்டியிருந்தது. பழைய மெஷின் திடீரென்று நின்றுபோனால் பத்துக்கு எட்டு தடவை காரணம் இந்த நூல்தான். ட்வீசரால் இழுத்ததும் வந்துவிட்டது. இந்த ஒன்றை மட்டும் செய்தாலே எடைக்குப் போகவிருக்கும் பல மெஷின்கள் ஓடத் தொடங்கிவிடும்.

எங்களுடையதில் அது பாதிதான். நூலை எடுத்தபிறகும் ஊசிக் கம்பி கனமாகவே இறங்கியது.

இடதுபக்க முகமூடித் தகடு ஒரு திருகில் கழன்றுவிடும். உள்ளே எல்லாம் பழுப்பு நிறத்தில் பிசின். வீட்டில் எந்த எண்ணெய் கையில் அகப்பட்டதோ அதை விட்டிருக்கிறார்கள். சமையல் எண்ணெய்கள் காற்றுபட்டு நாளடைவில் கெட்டியாகும். நல்லெண்ணெய் சீக்கிரம் பிசினாகும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு வேகமாக இறுகாது. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையும், தூசியையும் பஞ்சையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மார்கழி காலையில் மெஷின் கனக்கிறது என்று பழைய டெய்லர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணெண்ணெயை சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும், உலோகத்தோடு உலோகம் உரசும் ஒவ்வொரு இடத்திலும் விட்டேன். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஹேர் டிரையரால் சூடு காட்டி, கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டவேண்டும். பழுப்புத் தண்ணீர் வழியும். துடைத்துவிட்டு மறுபடியும் அதையே செய்ய வேண்டும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் காலையில் தளர்வது தெரியும். இந்தக் கட்டத்தில் பொறுமை இல்லாமல் சுத்தியலை எடுப்பவர்கள் மெஷினை இழப்பார்கள். தலை முழுக்க வார்ப்பிரும்பு. அது அதிர்வை விழுங்கும், நூறு வருஷம் உழைக்கும். அடித்தால் மட்டும் வளைந்து கொடுக்காமல் உடைந்துவிடும்.

மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும், ஆனால் உராய்வைத் தடுக்காது. அதனால் கரைந்து சுத்தமானதும் எல்லா இடத்திலும் மெஷின் ஆயில் கட்டாயம் விடவேண்டும். கடையில் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் விற்பார்களே, தண்ணீராகத் தெளிந்த எண்ணெய், அதேதான். வெளிப்பக்கம் கறுப்பு வர்ணத்தையும் தங்கநிறப் பூவேலையையும் துடைக்க அந்த எண்ணெயும் பஞ்சும் போதும். ஸ்பிரிட் தொடவே கூடாது. மேல்பூச்சு அரக்கில் செய்தது. சாராயச் சத்து பட்டால் பூவேலையோடு சேர்ந்து கரைந்து வந்துவிடும். துணி உரசி உரசி முன்பக்கத்துப் பூவேலை ஏற்கெனவே பாதி மறைந்திருந்தது. மூன்று தலைமுறைப் பெண்களின் கை பட்டு மறைந்தது அது. திரும்ப வர்ணம் அடிக்கச் சொன்னார்கள், எனக்கு மனமில்லை.

கூர்முனைத் திருகுகள்

நான் எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

தலையைப் பின்பக்கம் சாய்த்தால் அடிப்பாகம் தெரியும். கீழே இரண்டு நீளமான தண்டுகள். ஒன்று ஷட்டிலை அரைச்சுற்று முன்னும் பின்னும் ஆட்டுவதற்கு, மற்றது துணி நகர்த்தும் பல்லுக்கு. பல்லின் தண்டு இரண்டு முனையிலும் குழிவான கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. கூர்முனை உள்ள ஒரு திருகு அந்தக் கிண்ணத்துக்குள் போய்த் தாங்குகிறது. அந்தத் திருகின்மேல் ஒரு பூட்டு நட்டு.

இப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. முனையும் கிண்ணமும் தேயும். தேய்ந்தால் தண்டு ஆடும், கடகடவென்று சத்தம் வரும், தையல் கோணும். தண்டைத் தாங்கும் குழலான சாதாரண புஷ்ஷாக இருந்தால் தேய்ந்தபிறகு அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போடவேண்டும். இங்கே பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை ஒரு மயிரிழை உள்ளே தள்ளி, மறுபடியும் நட்டைப் பூட்டினால் போதும். ஆட்டம் போய்விடும். தேய்ந்த அளவுக்குத் திருகு முன்னால் போகிறது. இன்னும் போக இடமும் வைத்திருக்கிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையைப் பார்த்தேன். இன்னும் எத்தனையோ வருஷத்துக்கு மிச்சம் இருக்கிறது.

கீழே மிதிச்சக்கரத்தின் அச்சும் இதே ஏற்பாடுதான். இந்த இரும்பு தேயாது என்று இதைச் செய்தவர்கள் நினைத்துக்கொள்ளவில்லை. எங்கே தேயும் என்று முன்கூட்டியே யோசித்து, தேய்ந்தபின் வீட்டுக்காரரே ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சரிசெய்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ரொம்ப மலிவான சாமான்கள் முதலில் தேயும்படியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தோல் வார், பாபின் சுற்றும் சக்கரத்தின் ரப்பர் வளையம், ஊசி, ஒரு சின்ன ஸ்பிரிங். விலையுள்ள தண்டும் தலையும் கடைசிவரை நிற்கும். நான் வேலை செய்யும் துறையில் இப்போது வரும் எத்தனையோ சாமான்களில் இதற்கு நேர்மாறான நிலைமை. சீல் பண்ணிய உடம்பு, உள்ளே ஒரு பத்து ரூபாய்ப் பாகம் போனால் முழுசையும் தூக்கி எறிய வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன எனக்கு இந்தத் திருகு கண்ணில் தண்ணீர் வரவழைத்தது.

நான் திருகைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்தை எடுக்க இடம் விட்டிருக்கிறார்கள் என்று காட்டினேன். அவர்கள் ஆச்சரியப்படவில்லை.

"ரவிக்கைக்கு நாங்க விடுறது இல்லையா ஏட்டி? அளவுக்குச் சரியா வெட்டிறக் கூடாது. பொம்பளை உடம்பு ஒரே மாதிரியா இருக்கும்? புள்ளை பெறணும், மெலியணும், தடிக்கணும். உள்ளே துணி விட்டு மூணு தையல் போடணும். வேணுங்கும்போது ஒவ்வொண்ணாப் பிரிச்சு விடலாம். அப்பத்தான் ரவிக்கை பத்து வருசம் வரும்."

இதைவிடத் தெளிவாக எந்த இன்ஜினீயரிங் வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பெரியப்பா விசைத்தறியில் இருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போதே தவறிவிட்டார். பெரியம்மா மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து அரசாங்கப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்தார்கள். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும், தைத்துக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. மீதி நேரம் தெருவுக்கு ரவிக்கை. இரண்டு பிள்ளைகளும் படித்து வேலைக்குப் போனது இந்த ஊசியில்தான். அதைப் பற்றிக் கேட்டால் பெரியம்மா தன் தைரியத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார்கள். எப்படி மிச்சம் வைத்தேன் என்பதைத்தான் சொல்வார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாலேயே புது ஆர்டரை நிறுத்திவிடுவார்கள், யார் வந்து கெஞ்சினாலும் சரி. வெள்ளிக்கிழமை மெஷினில் கைவைக்கமாட்டார்கள். கழுத்து வலித்தால் பட்டன் கட்டுவது, கொக்கி வைப்பது. கண்ணில் புரை விழுந்து ஊசிக்காது தெரியாமல் போன வருஷங்களில் ரவிக்கையை விட்டுவிட்டு சேலைக்கு ஃபால் அடிப்பது, ஓரம் அடிப்பது, பழைய சேலையில் தலையணை உறை என்று நேர்த்தையல் வேலைகளுக்கு மாறிக்கொண்டார்கள். கண் ஆபரேஷன் முடிந்ததும் திரும்ப ரவிக்கை. உடைந்துபோகாமல் இருந்தவர்கள் என்று நாம் யாரையெல்லாம் நினைக்கிறோமோ, அவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் தங்களை நடத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முழுக்க இழுத்துக் கட்டியவர்கள் கொஞ்ச காலத்தில் அறுந்துபோவதையும் பார்த்திருக்கிறேன்.

சாமான் தேடியது

மாற்ற வேண்டியவை அதிகமில்லை. ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மேல்நூலை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குப் பக்கத்தில் நூலைத் துள்ளவைக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. தோல் வார் உளுத்துப்போயிருந்தது. ஷட்டிலின் கொக்கி முனை ரொம்ப மழுங்கல். எண்ணெய் தடவிய ஆயிரம் நம்பர் எமரித் தாளில் தேய்த்துப் பார்த்தும் திருப்தியில்லை. புதிதே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஊரில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். ஒடிந்த ஸ்பிரிங்கை வாங்கி வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தார்.

"பதினஞ்சாம் நம்பர் மெஷினா தங்கச்சி? அப்ப கவலையே படாதீய. உஷாவுக்குப் போடுறதே இதுக்கும் போடலாம். லூதியானா சாமான் இருக்கு."

ஒரு டப்பாவிலிருந்து நாலையும் எடுத்து வைத்தார். ஸ்காட்லாந்தில் செய்த தலைக்குள் பஞ்சாபில் செய்த ஷட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. சிங்கரின் 15-ஆம் வகை மெஷினை உலகம் முழுக்கப் பார்த்துச் செய்தார்கள். போருக்குப் பிறகு ஜப்பானியக் கம்பெனிகள் இதையே மாதிரியாக வைத்து, யார் செய்த பாகமும் யாருடைய மெஷினுக்கும் பொருந்தும்படி பொது அளவுகள் வகுத்துக்கொண்டன. சீனாவிலும் இந்தியாவிலும் அதே அமைப்பு பரவியது. ஆலை மூடிய பிறகும் மெஷின் உயிரோடிருப்பது அதனால்தான். ஊசியும் அப்படியே. தலைப்பக்கம் ஒரு புறம் தட்டையாக இருக்கும் வீட்டு மெஷின் ஊசி, இன்றைக்குக் கடையில் வாங்கும் புது மெஷின்கள் பலவற்றுக்கும் அதுவே. இரும்பு உறுதியாக இருந்து மட்டும் பிரயோஜனமில்லை. பக்கத்துத் தெருவில் ஸ்பிரிங் கிடைக்க வேண்டும், அதை மாட்டத் தெரிந்த ஒரு அண்ணாச்சியும் இருக்க வேண்டும். அவர் கடையில் இப்போது வேலை கற்றுக்கொள்ள ஆள் யாரும் இல்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

மிதியும் வாரும்

கீழ்ச்சக்கரத்தின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருந்தன. பிளேடால் அறுத்து எடுத்து, கூம்பு பேரிங்கைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஆட்டம் போகும்வரை திருகி, பூட்டு நட்டைப் போட்டேன். கிரீச் சத்தம் நின்றது.

வாரை இரண்டு சக்கரத்திலும் சுற்றிப் பார்த்து, கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்படி வெட்டி, முனைகளில் துளை போட்டு கம்பிக் கிளிப்பால் இணைக்க வேண்டும். கிளிப்பின் மடிந்த முனை வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் இருந்தால் சக்கரத்தில் தட்டித் தட்டி ஓடும். புதுத் தோல் கொஞ்ச நாளில் நீளும். அப்போது ஒரு விரற்கடை வெட்டி மறுபடியும் இணைக்க வேண்டும். முதலிலேயே ரொம்ப இறுக்கிக் கட்டினால் மிதி கனக்கும், மேல் தண்டின் புஷ் தேயும்.

தைத்துப் பார்த்தது

மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல். சோதிக்கும்போது இரண்டு நிறம் போட்டால்தான் எந்த நூல் எங்கே இழுக்கிறது என்று தெரியும். ஊசியின் நீளப்பள்ளம் நூல் வரும் பக்கமும், தட்டை முகம் கொக்கி வரும் பக்கமும் இருக்கவேண்டும். மாற்றி மாட்டினால் ஒரு தையல்கூட விழாது.

முதலில் பாபின் கேஸ். நூல் நுனியைப் பிடித்து அதைத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது. கையை லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்கவேண்டும். அதிலிருக்கும் கடுகளவு திருகைக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பிறகு மேல் டென்ஷன். துணியின் அடியில் நூல் சுருள் சுருளாக வந்தால் எல்லோரும் கீழே பாபினைக் குடைவார்கள். கோளாறு மேலே இருக்கும். மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் போகாமல் வெளியே கிடக்கும், அல்லது தட்டு தளர்ந்திருக்கும். ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் அது சரியாகத் தட்டுகளுக்குள் இறங்கும்.

நூல் இன்னும் அடிக்கடி அறுந்தது. விரல்நகத்தை ஊசித்தட்டுத் துளையின் ஓரத்தில் ஓட்டினால் ஒரு பிசிறு நெருடியது. எப்போதோ ஊசி இடித்த காயம். தடித்த நூலை பித்தளை பாலிஷான பிராசோவில் நனைத்து அந்தத் துளைக்குள் விட்டு, இரண்டு கையாலும் இப்படியும் அப்படியும் இழுத்தேன். நெருடல் போகும்வரை இழுத்துக் கழுவி மாட்டியதும் அறுவது நின்றது.

காடாத் துணியில் நேராக ஒரு வரி. முடிச்சு இரண்டு துணிக்கும் நடுவில் மறைந்து, மேலே சிவப்பு மட்டும், கீழே வெள்ளை மட்டும். பெரியம்மா அந்தத் துண்டை வாங்கி, தையலின் குறுக்கே இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். "கீழ்நூல் ஒரு பொடிக்கு இறுகணும்" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தானே திருகினார்கள். அவர்கள் சொன்னது சரி.

முட்டுவலிக்கு

மெஷின் ஓடுகிறது. ஆனால் மிதிக்க முட்டு விடவில்லை. தலையின் பின்பக்கம் மோட்டார் பிடிமானத்துக்கென்று ஒரு மேடும் துளையும் விட்டிருந்தார்கள். தையல் கடையில் கிடைக்கும் சின்ன மோட்டாரையும் கால் ரெகுலேட்டரையும் வாங்கி அதில் பொருத்தினேன். பாதத்தை லேசாக அழுத்தினால் போதும், முட்டு அசைய வேண்டியதில்லை.

தோல் வாரைக் கழற்றி எறிந்துவிடவில்லை. 2012-ல் ஊர்ப்பக்கம் பாதிநாள் கரண்ட் இல்லாத சமயத்தில் மோட்டார் வைத்த கடைகள் எல்லாம் இருட்டில் கிடக்க, பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று 1924-ல் ராமச்சந்திரன் என்ற மாணவர் காந்தியிடம் கேட்டார். காந்தி விதிவிலக்காக எடுத்துச் சொன்னது சிங்கர் தையல் மெஷினைத்தான். அந்த மாணவர்தான் பின்னால் சௌந்திரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கிய ஜி. ராமச்சந்திரன். மனுஷன் கையை முடமாக்காமல் அவனுக்கு உதவும் கருவி என்பது காந்தியின் வாதம். கரண்ட் போன அந்த மதியங்களில் அது எவ்வளவு உண்மை என்று நேரிலேயே பார்த்திருக்கிறோம். அதனால் வார் மேஜை டிராயரில் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது. மோட்டார் பெல்ட்டை எடுத்துவிட்டு அதை மாட்ட ஒரு நிமிஷம் போதும். அண்ணனுக்கும் மாட்டக் காட்டிக் கொடுத்துவிட்டேன். எடைக்குப் போடும் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இன்னும் பாக்கி இருப்பவை: மேஜைப் பலகையின் மேல்தோல் ஒரு மூலையில் உரிந்து நிற்கிறது, ஃபெவிகால் விட்டு கிளாம்ப் போடவேண்டும். டிராயர் பூட்டுக்குச் சாவி இல்லை. பாபின் இப்போதைக்கு ஒரு பக்கம் தடிப்பாகச் சுற்றுகிறது, நூல் வழிகாட்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கவேண்டும். எதிர்வீட்டு அக்கா தன் உஷாவைப் பார்க்கச் சொல்லி மூடித்துணியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊசியையும் தட்டையும் கழற்றிவிட்டேன். வளையத்துக்குள் ஒரு பச்சை நூல் தெரிகிறது.